விமானம் பார்த்த கோபுரமும் நான் கேட்ட கல்வெட்டும்

பெங்களூரில் முதன்முதலில் என் மானத்தை வாங்கியது ஒரு குதிரை. ரயிலடியில் ஜட்கா வண்டியின் பின்பக்கம் நான் ஏறி உட்கார்ந்தேனோ இல்லையோ, வண்டி என் பக்கம் சாய்ந்து, குதிரையின் முன்கால்கள் தரையை விட்டு எழும்பிவிட்டன. வண்டிக்காரர் பதறவில்லை. "சாமி, ஸ்வல்பம் முன்னால வாங்க. குதிரை பறக்குது" என்றார். கூடியிருந்த போர்ட்டர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அதோடு போயிருந்தால் பெங்களூரைப் பற்றி நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

பினாங்கில் எழுதுபொருள் கடை வைத்திருக்கும் எனக்கு இங்கே என்ன வேலை என்றால், என் தங்கை செல்லத்தின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்று செல்லம் ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். யுத்தம் முடிந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் நான் இந்தியக் கரையை மிதிக்கவில்லை. ஒரு மடி தேவை என்றதும் கடல் தாண்டி வந்துவிட்டேன்.

செல்லத்தின் வீடு அல்சூரில். அவள் கணவர் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. நல்ல மனிதர். எதற்கும் முறைப்படி அனுமதி வாங்க வேண்டும் என்கிற சுபாவம். அடுத்த வீட்டு மரத்தில் முருங்கைக்காய் பறிப்பதாக இருந்தால்கூட இரண்டு வரி எழுதிக் கேட்பார். அவரை நான் மாப்பிள்ளை என்று அழைப்பேன். மறுநாள் காலை அவர் என்னை ஒரு ஹோட்டலுக்கு அழைத்துப் போய், "ஒன் பை டூ" என்றார். ஒரு காப்பி வந்தது, இரண்டு டம்ளரில். எங்கள் பினாங்கில் டின்பால் ஊற்றிய காப்பியைப் பெரிய கோப்பையில் தருவார்கள். குடித்து முடிக்க அரைமணி ஆகும். இந்த அரை டம்ளர் நாக்கைத் தொட்டதுமே முடிந்துவிட்டது, ஆனால் மத்தியானம் வரை வாயில் மணந்தது. பிறகு காலி தோசை என்று ஒன்று வந்தது. பேரைக் கேட்டுத் தீர்ந்துபோய்விட்டதாக்கும் என்று நினைத்தேன். பஞ்சு மாதிரி இருந்தது. ஐந்து சாப்பிட்டேன். குதிரை பறந்ததில் ஆச்சரியம் இல்லை.

அன்று பகலில் நான் தனியே பஸ் ஏறினேன். கன்டோன்மென்ட் பக்கம் எந்தத் தெருவிலும் தமிழ் பேச ஆள் கிடைக்கிறார்கள், ஆனால் பஸ் பலகை கன்னடத்தில் இருக்கிறது. கடைத்தெருவுக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளிக்குப் போய் இறங்கினேன். கேழ்வரகு வயல், ஒரு புளியமரம், ஒரு டீக்கடை, வேறொன்றும் இல்லை. பஸ்ஸில் எனக்கு எதிரே இரண்டு விவசாயிகள் என்னைப் பார்த்துப் பார்த்துக் கன்னடத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். பக்கத்தில் இருந்த தமிழர் மொழிபெயர்த்தார். "கோட்டு போட்ட ஆள் வந்திருக்கான், நிலத்தை அளக்கத்தான் இருக்கும். உன் வரப்பு எதுன்னு அவங்கிட்ட சொல்லிடாதே" என்றாராம் ஒருவர். எனக்கு ஒரே சிரிப்பு. கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ் அடுகோடியைத் தாண்டிப் படுத்துவிட்டது. கண்டக்டர் இறங்கி இஞ்சினைத் திறந்து பார்த்து, மறுபடி மூடிவிட்டு, பீடி பற்றவைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்பது எல்லா நாட்டிலும் ஒன்றுதான். நடக்க ஆரம்பித்தேன். நீலசந்திராவை ஒட்டி ஒரு மேடு. அதன் மேல் கருங்கல் அடித்தளமும் செங்கல் சுவருமாக ஒரு கோபுரம் நின்றது. கோவில் கோபுரம் இல்லை, மணிக்கூண்டும் இல்லை. வெளியே இரும்பு ஏணி, உச்சியில் இடுப்பளவுச் சுவர், அதன் மேல் சிவப்பாக ஏதோ பரப்பியிருந்தது.

மிளகாய். ஒரு பெண் மேலே நின்று அதைக் கிளறிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும், "இன்னா சார், வழி தப்பிட்டீங்களா?" என்றாள்.

"இது என்ன கட்டடம் அம்மா?"

"ஏரோப்ளேன் பாக்கற கோபுரம் சார். சண்டைக் காலத்துல ஜப்பான்காரன் வர்றானான்னு இங்கேர்ந்துதான் பாத்தாங்க. எங்க வூட்டுக்காரருதான் பாத்தாரு."

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டும். பினாங்கில் முதல் தடவை ஜப்பானிய விமானங்கள் வந்தபோது எங்களுக்கு யாரும் எச்சரிக்கை தரவில்லை. சங்கு ஊதவில்லை. ஜனங்கள் வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு ஓடி வந்தார்கள். என் அண்ணனும் கடை வாசலில் நின்று நெற்றியில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார். "நம்ம விமானம்தான்டா, எவ்வளவு அழகா வரிசையா வருது பார்" என்று உள்ளே இருந்த என்னைக் கூப்பிட்டார். நான் வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வானத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அப்படிப்பட்ட ஆள் வாழ்ந்த இடத்தின் வாசலில்தான் பஸ் என்னைக் கொண்டுவந்து விட்டிருந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் பாக்கியம். கோபுரத்தின் கீழ் அறைதான் அவள் வீடு. சாணம் மெழுகிய தரை, சுவரில் புத்தர் படம், அதற்கு ஒரு செம்பருத்திப் பூ. இரண்டு பெண் குழந்தைகள் மூலையில் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தார்கள். என் அண்ணனைப் பற்றிச் சொன்னதும் அவள் டீ போட்டுத் தந்தாள். "அவரு வெள்ளையடிக்கிற வேலைக்குப் போயிருக்காரு. சாயங்காலம் வந்துருவாரு. கூடக் காவல் பாத்த காதர் பாயும் வருவாரு. ரெண்டு பேரும் சேந்து சொன்னாத்தான் கதை முழுசாகும், குந்துங்க" என்றாள்.

சாயங்காலம் முனுசாமி முழங்கை வரை சுண்ணாம்போடு வந்தார். பின்னாலேயே காதர் பாய். சந்தைத் தெருவில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர், மெலிந்த உடம்பு, மருதாணி தீட்டிய தாடி. யுத்த காலத்தில் இருவருக்கும் ஒரே நேரத்தில் காவல் முறை. உச்சியில் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வேண்டும். முனுசாமிக்குக் கிழக்கு வானம், பாய்க்கு மேற்கு வானம். என்ன சத்தம் கேட்டாலும் மற்றவன் பக்கம் திரும்பக் கூடாது. திரும்பினால் தன் பாதி வானம் காவலில்லாமல் போய்விடும். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை "என் பக்கம் சாஃப்", அதாவது வானத்தில் ஒன்றும் இல்லை, என்று ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொள்வார்கள். விமானம் தெரிந்தால் கைப்பிடியைச் சுற்றும் டெலிபோனில் எத்தனை, எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்று தலைமை அறைக்குச் சொல்ல வேண்டும்.

"முதுகு ஒட்டி ஒட்டி, இவருக்கு ஜுரம் வந்தா எனக்குத்தான் மொதல்ல தெரியும் சாப்" என்றார் பாய்.

"அந்தக் கல்யாணக் கதைய சொல்லு பாய்" என்று முனுசாமி அப்போதே சிரிக்க ஆரம்பித்தார்.

ஒரு நாள் பகலில் ஒரு விமானம் கிழக்கே வந்தது. மேகத்தில் அடையாளம் தெரியவில்லை. முனுசாமி டெலிபோனில் "ஒண்ணு, கிழக்கால" என்றார். அது தலைக்கு மேலே போய் மேற்கில் இறங்கியது. பாய் டெலிபோனை வாங்கி "ஒண்ணு, மேற்கால" என்றார். இருவருமே விதியை மீறவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. தலைமை அறையில் கூட்டிப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் விமானம், ஜப்பான்காரன் ஊரைச் சுற்றி வளைத்துவிட்டான் என்று சங்கை ஊதிவிட்டார்கள். நீலசந்திராவில் அன்று ஒரு கல்யாணம். மாப்பிள்ளை தாலியோடு பதுங்குகுழியில் குதித்துவிட்டார். பெண் வேறு குழியில். சங்கு அடங்கி ஜனங்கள் வெளியே வந்தபோது சோற்று அண்டாவை நாய்கள் முடித்திருந்தன. வந்தது நம் விமானமேதான்.

"மேலதிகாரி வந்து தாட்டு பூட்டுன்னு குதிச்சாரு" என்றார் பாய். "ஒருத்தனை ஒருத்தன் கேக்கக் கூடாதா முட்டாளுங்களான்னாரு. திரும்பக் கூடாதுன்னு நீங்கதானே சாப் சொன்னீங்கன்னேன். எங்க ரெண்டு பேருக்கும் ஒரு மாசச் சம்பளம் கட்."

"அந்தக் கல்யாண மாப்பிள்ளை இன்னிக்கும் எங்களைக் கண்டா அந்தாண்ட போயிடுவான்" என்றார் முனுசாமி. நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பினாங்கில் வராத எச்சரிக்கையை நினைத்துக் கொஞ்சம் அழவும் செய்தேன். பாய் என் தோளைத் தொட்டு, "நம்ம டவரு அங்க இருந்திருக்கணும் சாப்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு என்ன வேண்டுமானாலும் செய்யலாம் போல் இருந்தது.

யுத்தம் முடிந்ததும் அந்த மேலதிகாரி மூட்டை கட்டும்போது, முனுசாமிக்கு வீடில்லை என்று தெரிந்து, "இந்த ரூமில் இருந்துக்கோ, கோபுரத்தைப் பார்த்துக்கோ" என்று வாயால் சொல்லிப் போனாராம். காகிதம் ஒன்றும் இல்லை. அந்தப் பேச்சு நடந்தபோது கூட இருந்தவர் காதர் பாய் மட்டும்தான். "இப்ப இது யாரு கட்டடம்னு சர்க்காருக்கே தெரியாது சார்" என்றாள் பாக்கியம். "இந்தப் பக்கம் யாரும் வர்றதில்ல. அதான் எங்களுக்கு நிம்மதி."

அவள் அதைச் சொன்னாள். நான் கேட்டேன். காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மாப்பிள்ளையிடம் கொதித்துப் பேசினேன். ஊரையே காத்த மனிதர்களுக்கு ஒரு மரியாதை கிடையாதா? அந்தக் கோபுரத்தில் அவர்கள் பேரைப் பொறித்து ஒரு கல்வெட்டாவது வைக்க வேண்டாமா? மாப்பிள்ளைக்கு உற்சாகம் வந்துவிட்டது. "முறைப்படி கேட்டா கிடைக்கும் அத்தான். சர்க்கார் கட்டடங்களைப் பாத்துக்கற இலாகாவில எனக்குத் தெரிஞ்சவர் இருக்கார்."

மறுநாள் நான் கோட்டு, டை எல்லாம் போட்டுக்கொண்டு மாப்பிள்ளையோடு அந்த இலாகாவுக்குப் போனேன். அதிகாரி நல்ல மரியாதை தெரிந்தவர். மாப்பிள்ளை என்னை "மலாயாவில் பெரிய வியாபாரி" என்று அறிமுகப்படுத்தினார். பென்சிலும் ரப்பரும் விற்கிறவன் நான். மறுக்கவில்லை. மறுக்காதது மட்டுமா, அதற்கேற்ற மாதிரி கால்மேல் கால் போட்டுக்கொண்டேன். கோபுரத்தின் கதையை அலங்காரமாக ஆங்கிலத்தில் சொன்னேன். அப்படி ஒரு கோபுரம் இருப்பதே அதிகாரிக்குத் தெரிந்திருக்கவில்லை.

"அது இன்னமும் நல்ல நிலையில் இருக்கிறதா?" என்றார்.

அப்போது நான் சொன்னேன். முனுசாமி குடும்பத்துக்கு நன்மதிப்பு வாங்கித் தருவதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். "மிக நல்ல நிலையில் இருக்கிறது. முனுசாமி என்ற அந்தக் காவலர் குடும்பத்தோடு அங்கேயே தங்கி, பெருக்கி மெழுகிக் காப்பாற்றி வருகிறார்."

அதிகாரி மணியடித்து ஒருவரைக் கூப்பிட்டுக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். வெளியே வந்ததும் மாப்பிள்ளையிடம் என்ன என்று கேட்டேன். "நாளைக்கே ஆளை அனுப்பி இடத்தைப் பாக்கச் சொன்னார்" என்றார். கல்வெட்டுக்கு இடம் பார்க்கத்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். இவ்வளவு சுறுசுறுப்பான சர்க்காரை நான் கண்டதில்லை என்று மாப்பிள்ளையிடம் புகழ்ந்தேன். அன்று ஒன் பை டூ வேண்டாம், முழு காப்பியே சொல்லுங்கள் என்றேன்.

அடுத்த நாள் காதுகுத்து. குழந்தை என் மடியில் உட்கார்ந்து, ஆசாரி கிட்டே வந்ததும் என் விரலைக் கடித்துவிட்டது. விருந்து பிரமாதம். பாயசத்தை நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அந்த நேரத்தில் மேட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று இப்போது நினைத்தால் அந்தப் பாயசம் தொண்டையில் வந்து நிற்கிறது.

அதற்கும் அடுத்த நாள், லட்டுப் பொட்டலம் ஒன்றைக் கட்டிக்கொண்டு, நல்ல சேதி சொல்லக் கோபுரத்துக்குப் போனேன். கதவில் புதுப் பூட்டு தொங்கியது. ஏணியின் அடிப்படிகளைச் சுற்றி முள்கம்பி. மேலே காய்ந்த மிளகாய் முற்றத்தில் கொட்டி மிதிபட்டுக் கிடந்தது. எதிரே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவரிடம் கேட்டேன். "நேத்து சர்க்கார் ஆளுங்க வந்து வெளிய தள்ளிப் பூட்டிட்டாங்க. இம்மா வருசமா இல்லாத சர்க்காரு எங்கேர்ந்து மொளைச்சுதோ" என்றார்.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி கோட்டும் டையும் போட்டிருந்தான்.

மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு அதிகாரியிடம் ஓடினேன். அவர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். "உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் சர்க்கார் சொத்து ஒன்று கைவிட்டே போயிருக்கும்" என்றார். அந்தக் குடும்பத்தைத் திரும்ப விடும்படி கெஞ்சினேன். உத்தரவு போட்டாயிற்று, இனி தம் கையில் இல்லை என்றார். கல்வெட்டு? அதற்குப் பணம் ஒதுக்கக் கேட்டு எழுத வேண்டும், பார்க்கலாம் என்றார். மாப்பிள்ளை தெருவுக்கு வந்ததும் தரையைப் பார்த்தபடி, "சட்டப்படி பாத்தா அவங்க அங்க இருந்தது தப்புதான் அத்தான்" என்றார். அவரை அடிக்கக் கை துறுதுறுத்தது. ஆனால் அடி வாங்க வேண்டியவன் யார் என்று எனக்குத் தெரியும்.

ஆடு மேய்த்த கிழவரிடம் மறுபடி போய் விசாரித்ததில், அவர்கள் நீலசந்திராவில் குழாயடிக்குப் பக்கத்துச் சந்தில் பாக்கியத்தின் அக்காள் வீட்டில் இருப்பதாகத் தெரிந்தது. ஓலைத் தாழ்வாரத்தில் அவர்கள் சாமான்கள் குவிந்திருந்தன. புத்தர் படம் அரிசிப் பானைமேல் சாய்த்து வைத்திருந்தது. குழந்தைகள் பல்லாங்குழி ஆட ஒரு மூலை கிடைக்காமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் பாக்கியம் எழுந்து, "வாங்க சார்" என்று பாய் விரித்தாள். வீடு போன நிலையிலும் எனக்குப் பாய் விரித்தாள்.

"யாரோ போயி சொல்லிட்டாங்க சார்" என்றாள்.

"யாரோ என்ன, அவன்தான்" என்றார் முனுசாமி. குரல் கரகரத்திருந்தது. "காதர் பாய். அதிகாரி வாயால சொன்னது அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். கல்யாணம் கட்டுன மவனுக்கு எடமில்லன்னு போன மாசம்தான் இந்த ரூமைப் பாத்துப் பெருமூச்சு வுட்டான். நேத்து சந்தைத் தெருவுல போயி, நாலு பேரு பாக்க, காட்டிக்குடுத்தவனேன்னு கேட்டுட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"என்னாத்த சொல்லுவான்? கையில இருந்த பாத்திரத்தைக் கீழ வெச்சான். சாக்குப் படுதாவ எறக்கிவுட்டு உள்ள போயிட்டான்."

பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. இன்னும் இரண்டு நாளில் கப்பல் ஏறப் போகிறவன், யாருக்கும் தெரியப் போவதில்லை. அப்படித் தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன், வெட்கக்கேடுதான். பாக்கியம் டீ கொண்டுவந்து நீட்டினாள். அதை வாங்கக் கை வரவில்லை.

"பாய் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்" என்றேன்.

அவர்களுக்கு விளங்கவில்லை. கல்வெட்டு, இலாகா, அதிகாரி என்று எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் பேரைப் பொறிக்கத்தான் போனேன் என்றேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது அசிங்கமாகக் கேட்டது.

"எங்க பேரா? கல்லுலயா?" என்றாள் பாக்கியம். கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

முனுசாமி என்னைப் பார்க்கவே இல்லை. "பாய் சொல்லலியா?" என்றார். "இல்லை" என்றேன். மறுபடியும் அதையே கேட்டார். மறுபடியும் சொன்னேன். மனிதர் அப்படியே தாழ்வாரத்துக் கம்பத்தில் தலையை முட்டிக்கொண்டு நின்றார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால், கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருந்தால், அவர் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன். அதற்கு அவருக்கு நேரமில்லை.

"நாலு பேரு நடுவுல சொல்லிட்டியேய்யா அந்த மனுசனை" என்றாள் பாக்கியம். "இப்ப அவருக்கு எந்த மூஞ்சியக் காட்டுவோம்?" வீடு போனதற்கு வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சட்டையப் போடு, பொறப்படு" என்றாள் கணவனிடம்.

நானும் எழுந்தேன். "நான் வருகிறேன் அம்மா. குற்றம் என்னுடையது. பாயிடம் நானே சொல்லிவிடுகிறேன்."

அவள் வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"வேணாம் சார். நீங்க வந்தா அவரு உங்களுக்கு டீ வாங்கிக் குடுத்து, பரவால்லன்னு சொல்லி அனுப்பிச்சுருவாரு. உங்க முன்னால எங்களைத் திட்ட மாட்டாரு. அவரு எங்களைத் திட்டணும். நீங்க ஊருக்குப் போங்க."